அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு

பெயரைப் போடாமல் இவரைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்தால் அவருக்குக் கோபம் வரும். "பேரு இல்லாம எழுதுனா அது என்ன எழுத்து?" என்று கேட்பார். கேட்கட்டும். அவர் குடும்பத்தார் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள். எனக்கும் அங்கே சொந்தபந்தம் உண்டு. எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு வெகுகாலம் செயலாளராக இருந்ததால் ஊரே அவரைச் செயலாளர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. அது போதும்.

ஊர் தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலியிலிருந்து மேற்கே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு நூல் மில், ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான் ஊர். தெரு மில்லின் கிழக்கு வாசலில் தொடங்கிப் பஸ் நிறுத்தத்தில் முடியும். சங்கு ஊதியதும் ஷிப்ட் விட்டு வருகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு வரும். அந்த அரைமணி நேரத்தில் நடப்பதுதான் வியாபாரம். மற்ற நேரத்தில் ஈ ஓட்டலாம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. நான் அந்தத் தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். தொண்ணூறுகளில் அது கௌரவமான தொழில்.

எனக்கு நேர் எதிரே அண்ணாச்சியின் பாத்திரக் கடை. குள்ளமான ஆள், அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று கடைக்கு, ஒன்று சங்கத்துக்கு; மாற்றி எடுக்க மாட்டார். பாத்திரத்தில் பெயர் வெட்டும் மிஷினை அவர் ஓட்டினால் என் பூத்தில் பேசுகிறவர்களுக்கு ஒரு காது செவிடாகிவிடும். "அண்ணாச்சி, லைன்ல ஆள் பேசுதாவ, செத்த நேரம் நிறுத்துங்க" என்று கத்துவேன். பாதி எழுத்தில் நிறுத்திவிடுவார். பேசுகிறவர் போனை வைக்கும்வரை பூத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்? சீக்கிரம் முடித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அதற்கு மிஷின் சத்தமே தேவலை என்று விட்டுவிட்டேன்.

ஒரு முறை கல்யாணப் பரிசாகக் குடம் வாங்கி, மணமக்கள் பெயரை வெட்டிக்கொண்டு போனவர் பத்து நாளில் திரும்பி வந்தார். கல்யாணம் நின்றுபோய்விட்டதாம். "பேரை மட்டும் பைய அழிச்சுக் குடுங்க அண்ணாச்சி, வேற கல்யாணத்துக்கு ஆவும்லா" என்றார்.

அண்ணாச்சி குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டுனதை அழிக்கிற சோலி நம்ம கடையில கெடையாது வே" என்று சொல்லிவிட்டு, அதே எடையில் புதுக்குடம் ஒன்றை எடுத்துக் கொடுத்துப் பழையதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் அவர் வீட்டுக்குப் போனபோது அதிலிருந்துதான் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். நடக்காத கல்யாணத்தின் மாப்பிள்ளையும் பெண்ணும் அவர் அடுக்களையில் பளபளவென்று இருந்தார்கள். "பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொண்ணு நெனப்பாவே இருக்கு. இந்த மனுசனுக்கு ஒண்ணும் தோணாது" என்றார் அவர் மனைவி.

இப்படிப்பட்ட ஆளிடம் சங்கத்தின் தீர்மான நோட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

சங்கத்துக்கு உரக்கடை மாடியில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு விடுமுறை, தெருவும் வெறிச்சோடிக் கிடக்கும் என்பதால் மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் கூட்டம் போடுவார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் பஞ்சாயத்துக்கு மனு எழுதுவது, தேரோட்டத்துக்கு முன்னால் கடைகள் தெருவில் நீட்டிய தகரக் கூரைகளை மடக்கச் சொல்வது, யார் கடை வாசலில் யார் சைக்கிளை நிறுத்தினார்கள் என்ற சண்டையைத் தீர்த்துவைப்பது எல்லாம் அங்கேதான். கூட்டம் தொடங்கியதும் போன கூட்டத்து நடவடிக்கையை வாசித்து எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாச் சங்கத்திலும் உள்ள வழக்கம்தான். மற்ற ஊர்களில் 'நீண்ட விவாதத்துக்குப் பின் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எங்கள் நோட்டில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

'ஜவுளிக்கடைக்காரர், "நீரு வாயை மூடும்" என்றார். மருந்துக்கடைக்காரர் மூடவில்லை.' இது எங்கள் நோட்டு. 'வடை வந்தது. ஆளுக்கு ஒன்று வராததால் பேச்சு சிறிது நேரம் நின்றது.' இதுவும்தான். யார் என்ன சொன்னார்களோ, சொன்ன வாய்மொழியிலேயே எழுதுவார். நடுவில் ஓர் எழுத்தை அடிக்க மாட்டார், மேலே ஒரு சொல்லைச் செருக மாட்டார். தவறாக எழுதிவிட்டால் 'மேற்படி வரி தவறு' என்று அடுத்த வரியில் எழுதிவிட்டுச் சரியானதை எழுதுவார். பள்ளிக்கூடத்து ஆய்வாளர்கூட அந்த நோட்டைக் கண்டால் எழுந்து நிற்பார்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதனால் வந்த தொல்லைகளும் உண்டு. ஜவுளிக்கடைக்காரரும் செருப்புக்கடைக்காரரும் தகரத்தை யார் முதலில் நீட்டியது என்று ஒரு கூட்டத்தில் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டார்கள். பிறகு இவர் வீட்டுக் காதுகுத்துக்கு அவர் போய்ச் சாப்பிட்டு எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த மாதக் கூட்டத்தில் அண்ணாச்சி நோட்டை எடுத்தார். இவர் அவர் அப்பாவைச் சொன்னது, அவர் இவர் மாமனாரைச் சொன்னது, ஒன்று விடாமல் வாசித்தார். திரும்ப ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. "ஒட்டுன மனசைப் பிச்சு விட்டுட்டீங்களே" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"நானா சண்டை போடச் சொன்னேன் தங்கச்சி? சொன்னதை வாசிச்சேன்."

இந்த மாதிரி பதிலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் நோட்டுக்கு நானும் தப்பவில்லை. பூத் என் பெயரில் இருந்ததால் நான்தான் சங்கத்தில் சேர மனுக் கொடுத்தேன். அதுவரை அதில் பெண் ஆள் கிடையாது. நான் இல்லாத ஒரு கூட்டத்தில் மனு வந்தது, சேர்த்துக்கொண்டார்கள். முதல் கூட்டத்துக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி எழுந்து வாசித்தார்: 'எஸ்.டி.டி. பூத் மனு பற்றி, செயலாளர், "பொம்பளைக்குச் சங்கத்துல என்ன சோலி?" என்றார்.' செயலாளர் என்றால் அவரேதான். அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் நோட்டைப் பார்த்து மேலே வாசித்துக்கொண்டிருந்தார். 'கடை யார் பெயரில் உள்ளதோ அவரே உறுப்பினர் என்று விதி உள்ளது. எனவே செயலாளர் ஒப்புக்கொண்டார்.'

கூட்டம் முடிந்ததும் கேட்டேன். "இந்த ஒரு வரியை நீங்க படிக்காம விட்டிருக்கலாம்லா?"

"சொன்னேம்லா? பொறவு எப்படி விட?" என்றார். அத்தோடு மறுமாதம் முதல் முன்வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலியும் போட்டு வைத்தார். மன்னிப்புக் கேட்டாரா என்றால் இல்லை. கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பார்.

அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு ஆளிடம்தான். பாத்திரக் கடைக்கு அடுத்தது பழக்கடை. பழக்கடைக்காரரும் இவரும் ஒரே வயது; தினமும் காலையில் ஒரு காபி வாங்கி இரண்டு தம்ளரில் ஊற்றிக் குடிப்பார்கள். பழக்கடைக்காரர் ஓயாமல் பேசுவார். ஊர்வம்பு, அரசியல், வாழைத்தார் விலை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருப்பார். "உம்ம நோட்டுல என் பேரு வராம பாத்துக்கிடுதேன் வே, அதான் கூட்டத்துல வாயே தொறக்கதில்ல" என்பார் பழக்கடைக்காரர். உண்மைதான். அத்தனை வருஷத்தில் அவர் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

அப்புறம் வாசல் விவகாரம் வந்தது.

என் வீட்டுக்காரர்தான் முதலில் வந்து சொன்னார். மில்லின் வடக்குச் சுவரை இடிக்கிறார்களாம், மெயின் ரோட்டைப் பார்த்துப் புது வாசல் வருகிறதாம், தை பிறந்தால் கிழக்கு வாசலை அடைத்துவிடுவார்களாம். ஷிப்ட் விட்டவர்கள் அந்தப் பக்கமே பஸ் ஏறிப் போய்விட்டால் எங்கள் தெருவுக்கு யார் வருவார்கள்? பாத்திரமும் ஜவுளியும் கல்யாண வீட்டுக்காரர்களை வைத்து ஓட்டிக்கொள்ளும். பழக்கடைக்குப் பிள்ளைகளுக்கு இரண்டு பழம் வாங்கிப்போகிற மில்காரர்கள்தான் பிழைப்பு. முதலில் விழுவது அந்தக் கடை, அடுத்தது என் பூத்.

சங்கம் அவசரமாகக் கூடியது. ஐந்து பேர் போய் மில் மேனேஜரைப் பார்ப்பது என்று முடிவானது. தலைவரான அரிசி மண்டிக்காரர், அண்ணாச்சி, இன்னும் மூன்று பேர். ஒரு புதன்கிழமை போனார்கள். திரும்பி வந்து, "பேசியிருக்கோம், பாப்போம்னு சொல்லியிருக்காரு, ஞாயித்துக்கெழம கூட்டத்துல வெவரமா சொல்லுதோம்" என்றார் தலைவர். நாங்கள் நம்பினோம். பழக்கடைக்காரர் அம்மன் கோவிலுக்குத் தேங்காய்கூட உடைத்தார்.

வெள்ளியும் சனியும் தலைவர் காலையிலேயே வந்து பாத்திரக் கடையில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லை. பாத்திரத்தைப் பார்க்கவும் இல்லை. மிஷின் ஓடாததால் அவர் குரல் தெருவைத் தாண்டி எனக்கே கேட்டது.

"நோட்டு தண்ணியில விழுந்துட்டுன்னு சொல்லும்வே. எவன் கேக்கப் போறான்?"

அண்ணாச்சி முடியாது என்று தலையை ஆட்டினார்.

"உம்ம பேரும்லாவே அதுல இருக்கு!"

அதற்கும் அப்படியே ஆட்டினார். தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழக்கடைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "என்னவே, தலைவரு நோட்டு நோட்டுங்காரு?" என்று கேட்டார். "ஞாயித்துக்கெழம வாரும்" என்றார் அண்ணாச்சி. அன்று காபி அப்படியே ஆறிப்போய் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அறை கொள்ளவில்லை, படிக்கட்டில் எல்லாம் ஆள் நின்றது. தலைவர் எழுந்து, நேரமாகிவிட்டது, போன கூட்டத்து நடவடிக்கையை வாசித்ததாக வைத்துக்கொள்வோம் என்றார். அண்ணாச்சி அதற்குள் நோட்டை விரித்துவிட்டார். மேனேஜரைப் பார்த்து வந்தபின் ஐந்து பேரும் இந்த அறையில் உட்கார்ந்து பேசியதை வாசிக்கத் தொடங்கினார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

'மேனேஜர், புது வாசல் பக்கம் மில் நிலத்தில் பன்னிரண்டு கடை கட்டப்போவதாகவும், சங்கத்தார் ஒத்துழைத்தால் முதல் ஐந்து கடை வந்திருந்த ஐவருக்கும் என்றும் கூறினார். தலைவர், "கிழக்கு வாசல் போறது போட்டும். வெளிய யாரும் மூச்சு விடப்படாது" என்றார். மற்ற மூவரும் சரி என்றனர். செயலாளர், "எம் மவனுக்கு ஒண்ணு கெடைச்சா நல்லதுதான். மேனேஜரு வாக்கு மாற மாட்டாரே?" என்று கேட்டார்.'

வாசித்து முடித்து நோட்டை மூடாமல் நின்றார். பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல். தலைவர், "இவருந்தான கேட்டாரு, இவரு மட்டும் யோக்கியமா?" என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார். மற்ற மூவரும் எப்போது போனார்கள் என்று தெரியவில்லை. நின்றது இவர் ஒருத்தர்தான். அத்தனை பேர் கோபமும் அவர் மேல் விழுந்தது.

"நெசமாவா கேட்டீரு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கேட்டேன். ரெண்டு நாளு ஆசையும் பட்டேன். அது வீட்டுல வச்சு. அதனால நோட்டுல இல்ல" என்றார் அண்ணாச்சி. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நொடி அழுகை வந்தது. அவர் மகன் டிப்ளமா முடித்து மூன்று வருஷமாக வேலையில்லாமல் இருந்தான். அது தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

"நடக்கிறது என்னைப் பத்தின விசாரணை. நான் எழுதப்படாது" என்று நோட்டையும் சங்கத்துப் பேனாவையும் முன்வரிசையில் இருந்த என் மடியில் வைத்தார். நான் எழுதத் தொடங்கினேன். ஐந்து பேரையும் பொறுப்பிலிருந்து நீக்கியது, புது ஆட்களைப் போட்டது, செவ்வாய்க்கிழமை முழுக் கடையடைப்பு என்று முடிவு செய்தது, எல்லாவற்றையும் எழுதினேன்.

அந்தக் கடையடைப்பு நன்றாகவே நடந்தது. மில் தொழிலாளர் சங்கத்தாரும் எங்களோடு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். பத்து நாள் பேச்சுக்குப் பிறகு புது வாசல் லாரிகளுக்கு, கிழக்கு வாசல் ஆட்களுக்கு என்று மில்காரர்கள் இறங்கி வந்தார்கள். பழக்கடை பிழைத்தது, என் பூத்தும் பிழைத்தது. நாங்கள் பட்டாசு வெடித்தபோது அண்ணாச்சி கடையில் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மகன் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டான். வாசிக்காமல் விட்டிருந்தால் நாங்கள் தை மாதம்வரை மேனேஜரின் நல்ல பதிலுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருப்போம் என்று யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்து எல்லாரும் இறங்கிப் போனபின் அறையில் அவரும் நானும்தான் இருந்தோம். நான் எழுதியதைக் கேட்டுக் கையை நீட்டினார். நின்றபடியே முழுதும் படித்தார்.

"'சில உறுப்பினர்கள் வருத்தம் தெரிவித்தனர்'னு போட்டிருக்க. யாரு? என்ன சொன்னாவ?"

நான் பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"பழக்கடைக்காரரு பேசுனாரே. அது எங்க?"

"அது வேண்டாம் அண்ணாச்சி."

"என்ன சொன்னாரு?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "அந்த வரி கெடக்கட்டும். அதுக்குக் கீழ எழுது. நான் சொல்லுதேன்" என்றார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் எழுதினேன்.

'பழக்கடைக்காரர், "ஏலே, எஞ் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தியேலே. நாளைக்கு நீ செத்தாலும் உன் வாசல்ல வந்து நிக்க மாட்டேன்" என்றார்.'

எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அவர் விரலை அந்த வரியின் முடிவில் வைத்தார்.

"அவரு அழுதாரு தங்கச்சி. அதை எழுதலியே."

'பழக்கடைக்காரர் அழுதார்' என்று எழுதினேன். அவர் அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.